செத்த காலேஜ், உயிர் காலேஜ்: சென்னையில் ஐந்து நாள்

முதல் நாள், புதன்

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் விடியுமுன்பே எழும்பூரில் இறக்கிவிட்டது. புரசைவாக்கத்தில் அத்தை வீட்டு வாசலில் அப்போதுதான் கோலம் போட்டு முடித்திருந்தார்கள். அத்தை காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அஞ்சு நாளா? அவ்வளவு என்ன வேலை உனக்கு இங்க?"

எழும்பூர் மியூசியத்தின் கதையை, அது நடந்த இடங்களுக்கே போய்ப் பார்த்து எழுத வந்திருக்கிறேன் என்றேன்.

"மூசியமா? நம்ம செத்த காலேஜா?"

இந்தச் சொல்லை அத்தை வாயிலிருந்து கேட்க வேண்டும் என்றுதான் திருச்சியிலிருந்து வரும்போதே நினைத்துக்கொண்டு வந்தேன். பழைய மெட்ராஸ்காரர்களுக்கு மியூசியம் என்றால் செத்த காலேஜ், மிருகக்காட்சி சாலை என்றால் உயிர் காலேஜ். ஒன்றில் பாடம் பண்ணின பறவைகளும் எலும்புக்கூடுகளும். மற்றதில் எல்லாம் நடமாடும், உறுமும், கத்தும். 'செத்த', 'உயிர்' இரண்டும் சட்டென்று புரிந்துவிடுகின்றன. சின்ன வயதிலிருந்து எனக்குப் புரியாமல் இருந்தது 'காலேஜ்'தான். புலிக்கும் காலேஜுக்கும் என்ன சம்பந்தம்? அத்தையிடம் கேட்டால், "அப்படித்தான் சொல்லுவோம்" என்பார்.

அந்தப் பதில் இருக்கும் இடத்துக்கு இன்று போனேன். நுங்கம்பாக்கம், கல்லூரிச் சாலை. பள்ளிக் கல்வித் துறை அலுவலகங்கள் இருக்கும் வளாகம். டி.பி.ஐ. என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரிகிறது. கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகும் ஆசிரியர்கள், மரத்தடியில் ஆர்டருக்காகக் காத்திருப்பவர்கள், பின்புறம் கூவம். இங்கே 1812-இல் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி. இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கும் இளம் அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் மற்ற மொழிகளும் கற்றுத் தருவதற்காக மெட்ராஸ் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை உருவாக்கியது. தாண்டவராய முதலியார் போன்ற தமிழ்ப் புலவர்கள் பாடம் சொன்ன இடம். தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் இல்லை, தனிக் குடும்பம் என்று எல்லிஸ் 1816-இல் எழுதியதும் இந்தக் கல்லூரியின் வேலையோடு சேர்ந்ததுதான். ஊர்க்காரர்களுக்கு அப்போது 'காலேஜ்' என்றாலே இதுதான்.

அதே 1812-இல் பிறந்தது மெட்ராஸ் இலக்கியச் சங்கம். இன்றும் அதே சாலையில், சிவப்புக் கட்டடத்தில் அதன் நூலகம் இருக்கிறது. உள்ளே போனால் அண்ணாந்து பார்க்க வைக்கும் உயரத்துக்குப் புத்தக அடுக்குகள். இந்தச் சங்கத்தார் புத்தகங்களோடு கற்களும் சேர்த்திருந்தார்கள். 1846-இல் இவர்கள்தான் மெட்ராஸுக்கு ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்று பேச்சை எடுத்தவர்கள். கவர்னர் ஹென்றி பாட்டிஞ்சர் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களிடம் அனுமதி வாங்கினார். 1851 ஜனவரியில் பொறுப்பேற்றவர் எட்வர்ட் க்ரீன் பால்ஃபர், கவர்னரின் மெய்க்காப்புப் படை மருத்துவர்.

தொடக்க இருப்பு என்ன தெரியுமா? சங்கத்தின் 1,100 கற்கள். கல்லூரிக் கட்டடத்தின் மாடியில் அவற்றை அடுக்கி வைத்து ஆரம்பித்தார்கள். எழும்பூர் மியூசியம் என்றதும் இன்று நமக்கெல்லாம் வெண்கல நடராசரும் அமராவதிச் சிற்பங்களும் நினைவுக்கு வருகின்றன. அது பிறந்தது என்னவோ கல்லிலிருந்து. அப்புறம் எலும்பு, இறகு, சிப்பி, மரக்கட்டை என்று வளர்ந்தது.

பால்ஃபரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்துக்காரர். 1834-இல் இந்தியாவுக்கு வந்தவர், பாரசீகமும் இந்துஸ்தானியும் நன்றாகத் தெரிந்தவர். அருங்காட்சியகம் கைக்கு வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1849-இல், இந்த இலக்கியச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். மரங்கள் மழையை வரவழைப்பதையும் மண்ணின் ஈரத்தைக் காப்பதையும் பற்றியது. காட்டை வெட்டினால் பஞ்சம் வரும் என்று கவலைப்பட்ட மனிதரிடம் அருங்காட்சியகத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் அவருக்கு அது வேடிக்கைப் பொருள் அடுக்கும் அலமாரியாகப் படவில்லை. இந்த நாட்டில் என்ன விளைகிறது, என்ன கிடைக்கிறது, எது அழிகிறது என்பதைப் பொதுமக்கள் வந்து பார்த்துத் தெரிந்துகொள்ளும் இடமாக அதை நினைத்தார்.

'காலேஜ்' விஷயத்துக்கு வருகிறேன். மியூசியம் இந்தக் கட்டடத்தில் இருந்தது நான்கு வருஷம்கூட இல்லை. 1854 கடைசியில் எழும்பூருக்குப் போய்விட்டது. ஆனால் ஜனங்கள் காலேஜில் போய்ப் பார்த்ததைக் காலேஜ் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். எழும்பூருக்குப் போனாலும் அது காலேஜ்தான். அங்கிருந்து மிருகங்கள் பிரிந்து போனபோது அவையும் காலேஜ் பெயரோடுதான் போயின. ஊரைப் பற்றி எழுதியவர்கள் சொல்லும் விளக்கம் இது. எனக்கும் இதுவே சரியாகப் படுகிறது.

சாயங்காலம் அத்தையிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நாங்க சொன்னது தப்பில்லை" என்றார். எத்தனை வருஷம் இது பட்டிக்காட்டுப் பேச்சு என்று படித்தவர்களின் கேலிக்கு ஆளானதோ! ஒரு கட்டடத்தின் முதல் முகவரியை 170 வருஷமாக வாயிலேயே வைத்திருந்த பேச்சு அது.

இரண்டாம் நாள், வியாழன்

எழும்பூர். பாந்தியன் சாலை. இதைப் பாண்டியன் சாலை என்றே சொல்பவர்கள் நிறையப் பேர், அத்தையும் அப்படித்தான். பாண்டிய மன்னருக்கும் இதற்கும் தொடர்பில்லை. மியூசியம் வருவதற்கு முன் இங்கே இருந்த கேளிக்கை மண்டபத்துக்குப் 'பாந்தியன்' என்று பெயர். 1778-இல் ஹால் ப்ளூமர் என்ற கம்பெனி அதிகாரிக்கு 43 ஏக்கர் கொடுக்கப்பட்டது. 1793-இல் அது 24 பேர் கொண்ட குழுவின் கைக்குப் போய், வெள்ளைக்காரர்கள் விருந்துக்கும் நடனத்துக்கும் நாடகத்துக்கும் கூடும் இடமானது. 1821-இல் மூரட் என்ற அர்மீனிய வணிகர் வாங்கினார். 1830-இல் அரசாங்கம் அவரிடமிருந்து 28,000 ரூபாய்க்குத் திரும்ப வாங்கியது. துரைமார்கள் நடனமாடிய இடத்துக்குத்தான் பால்ஃபர் தன் கற்களையும் எலும்புகளையும் கொண்டுவந்து சேர்த்தார்.

அதை யாரும் வந்து பார்க்கலாம் என்று ஆனதுதான் பெரிய விஷயம். அதற்கு முன் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியாதவர்கள் குடும்பம் குடும்பமாக உள்ளே வந்தார்கள்.

மியூசியத்தில் உயிருள்ள விலங்குகளைக் கொஞ்ச நாள் வைத்திருந்தபோது கூட்டம் எப்படி ஏறுகிறது என்று பால்ஃபர் கவனித்தார். கல்லைப் பார்க்க வருபவரைவிடப் புலியைப் பார்க்க வருபவர் அதிகம். அதை அவர் அலட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை. புலியைப் பார்க்க வருபவர் கல்லையும் பார்த்துவிட்டுத்தானே போவார்? கர்நாடக நவாபிடம், அதாவது ஆற்காட்டு நவாபிடம், பேசி, அவர் வளர்த்த விலங்குகளை மியூசியத்துக்கு வாங்கினார். 1855-இல் இந்த வளாகத்திலேயே மிருகக்காட்சி சாலை தொடங்கியது. அடுத்த வருஷமே 300-க்கும் மேற்பட்ட உயிர்கள். செத்த காலேஜும் உயிர் காலேஜும் ஒரே மதில் சுவருக்குள் இருந்த காலம் அது, எட்டு வருஷம்.

இன்னொன்றும் செய்தார். தலைநகரில் ஒன்று இருந்தால் போதாது, மாவட்டங்களிலும் வேண்டும் என்று கோயம்புத்தூர், கடலூர், ஊட்டி, பெல்லாரி, மங்களூர், ராஜமுந்திரி ஆகிய ஊர்களில் சின்ன மியூசியங்கள் தொடங்கப்பட்டன. சில வருஷங்களிலேயே அவற்றில் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன. அவை தொடர்ந்திருந்தால் கடலூர்ப் பிள்ளைக்குத் தன் கடலின் சிப்பியைத் தன் ஊரிலேயே பார்க்க 170 வருஷமாக ஓர் இடம் இருந்திருக்கும். எனக்கு இதை நினைத்தால் ஆறவே இல்லை.

சரி, உள்ளே போவோம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வரிசைக்குப் பின்னால் நானும் நுழைந்தேன். முன் முற்றத்துப் பீரங்கிகள் மேல் ஏறக் கூடாது என்று ஒரு டீச்சர் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தார். நேராக விலங்கியல் கூடம். திமிங்கில எலும்புக்கூட்டின் கீழ் வந்ததும் பிள்ளைகள் எல்லாம் ஒரு கணம் அடங்கிப் போனார்கள். அந்த அமைதிக்காகவே இங்கே வரலாம்.

கூட்டம் நகர்ந்ததும் பக்கத்தில் போய் நின்றேன். தூரத்திலிருந்து பார்த்தால் மரம் மாதிரித் தெரிகிறது. கிட்டே போனால்தான் எலும்பின் மேற்பரப்பு புலப்படுகிறது. வழுவழுப்பு இல்லை, முழுக்கப் பொடித் துளைகள், நன்றாகப் பொங்கி வந்த ஆப்பத்தின் நடுப்பக்கம் போல. உயிரோடிருந்தபோது அந்தத் துளைகளுக்குள் எண்ணெய் நிறைந்திருந்திருக்கும். துடுப்பின் எலும்புகளைப் பார்த்தபோது இன்னும் ஆச்சரியம். வெளியே பார்த்தால் ஒரே பலகை போலிருக்கும் துடுப்புக்குள் மேற்கை, முன்கை, மணிக்கட்டு, அதற்கப்புறம் விரல் எலும்புகள் வரிசையாக. நம் கையைப் பக்கத்தில் நீட்டிப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஜோடி கிடைக்கிறது. தரையில் நடந்த ஏதோ ஒரு பிராணியின் வம்சம் கடலுக்குப் போனபோது கையையும் கூடவே எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. பாடப் புத்தகத்தில் பத்து வரி படித்திருந்தாலும், எலும்பைப் பார்க்கும்போதுதான் அது மனதில் உட்காருகிறது.

ஒரு பையன் தன் கையையும் துடுப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனாகவே விரல்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

பறவைக் கூடத்தில் ஒரு பனங்காடை முன்னால் வெகுநேரம் நின்றேன். பாடம் பண்ணுவது எளிய வேலை இல்லை. தோலை இறகு உதிராமல் உரித்து, சதையெல்லாம் எடுத்து, மருந்து தடவி, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்து, கண்ணுக்குக் கண்ணாடி மணி வைத்து, உயிரோடு இருந்தபோது தலையை எப்படிச் சாய்த்திருக்கும் என்று தெரிந்து அப்படியே நிறுத்த வேண்டும். அந்தத் தலைச் சாய்வில்தான் எல்லாம் இருக்கிறது. அதைச் செய்த கை யாருடையது என்று எந்தச் சீட்டிலும் இருக்காது. கண்காணிப்பாளர்களின் பெயர்களெல்லாம் வரிசையாக இருக்கின்றன: பால்ஃபர், மிட்செல், பிடி, தர்ஸ்டன், ஹெண்டர்சன், கிரேவ்லி, ஐயப்பன். இந்தக் காடையைத் தைத்தவரின் பெயர் எனக்கு வேண்டும் போலிருந்தது.

இரவு அத்தைக்குத் திமிங்கிலத்தின் விரலைப் பற்றிச் சொன்னேன். "நான் இத்தனை தடவை பார்த்திருக்கேன், யாரும் சொல்லலையே" என்றார். சனிக்கிழமை அவரும் வருகிறார்.

மூன்றாம் நாள், வெள்ளி

மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. எனவே பிரிந்து போன விலங்குகளின் தடம்.

1863-இல் மிருகக்காட்சி சாலை எழும்பூரை விட்டு, இன்றைய சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. நிர்வாகம் மாநகராட்சியிடம். 116 ஏக்கர், உள்ளே குளங்கள். கவர்னர் ட்ரெவெல்யன் ஊர் ஜனங்களுக்காக உண்டாக்கிய பூங்கா. பெயரும் அதனால்தான்.

இன்று அந்தப் பூங்காவைத் தேடுவது கஷ்டம். கொஞ்சம் கொஞ்சமாக அதன் மேல் ஊர் ஏறிவிட்டது. 1900-இல் மூர் மார்க்கெட், 1913-இல் ரிப்பன் மாளிகை, அப்புறம் விளையாட்டரங்கம். மூர் மார்க்கெட்டும் 1985 மே மாதம் தீப்பிடித்து எரிந்து, அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் வந்தது. பழைய பூங்காவின் மிச்சம் என்று சொல்ல மை லேடீஸ் பூங்கா ஒன்று இருக்கிறது. அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நடைப்பயிற்சிக்காரர்கள், தூங்கும் ஒருவர், மைனாக்கள். நூறு வருஷத்துக்கும் மேல் சிங்கம் கர்ஜித்த இடம் இதை ஒட்டித்தான் இருந்தது.

வெயில் தாங்கவில்லை. சீக்கிரம் திரும்பிவிட்டேன். இன்றைக்கு இவ்வளவுதான்.

நான்காம் நாள், சனி

அத்தையோடு மீண்டும் எழும்பூர். நல்ல சேலை கட்டிக்கொண்டு, புளிசாதமும் வடகமும் தூக்கில் எடுத்துக்கொண்டு வந்தார். அறுபதுகளில் காணும் பொங்கலுக்கு அவர்கள் வீட்டிலிருந்து பதினைந்து பேர் கிளம்புவார்களாம். முதலில் செத்த காலேஜ், அப்புறம் உயிர் காலேஜ், கடைசியில் பீச். எல்லாம் நடைதான். மெட்ராஸில் அன்றைக்கு எல்லாக் குடும்பங்களும் செய்தது இதைத்தான் என்பதால் உள்ளே எறும்பு போலக் கூட்டம் ஊருமாம். "எங்கம்மா என் பாவாடை நுனியைத் தம்பி சட்டையோட முடிச்சுப் போட்டு விடுவாங்க, தொலைஞ்சு போயிடக் கூடாதுன்னு."

நேரே திமிங்கிலம். அத்தை துடுப்பையும் தன் கையையும் பார்த்தார். வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆமா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நிலவியல் பகுதியில் நத்தைக்கூடு மாதிரிச் சுருண்ட ஒரு கல் முன்னால் நின்று சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாளக்கிராமம்டி." அவர் சொன்னது தவறே இல்லை. இமயமலைப் பக்கம் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமத்துக்குள் சக்கரம் போலத் தெரிவதும் அம்மோனைட் என்ற கடல் பிராணியின் ஓடு பதிந்த தடம்தான். அதன் உறவுக்காரர்கள் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, அரியலூரில், மண்ணுக்குள் கிடக்கின்றன. கிரெட்டேஷியஸ் காலத்தில், டைனோசர்கள் வாழ்ந்த அதே காலத்தில், அரியலூர் கடலடியில் இருந்தது. அந்தக் கடலில் சேர்ந்த சுண்ணாம்புக் கல்லைத்தான் இன்று சிமென்ட் ஆலைகள் வெட்டி எடுக்கின்றன. திருச்சியில் நான் குடியிருக்கும் வீட்டின் சுவரில்கூட அந்தக் கடல் கொஞ்சம் இருக்கலாம். ஆறு கோடி வருஷத்துக்கும் முந்திய ஓடு எத்தனை லாரியில் ஏறிப் போயிருக்குமோ? கண்ணாடிக்குள் வந்து சேர்ந்த இந்தச் சில கற்களையாவது நம் பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்ட வேண்டும் என்று நான் மனதாரச் சொல்கிறேன்.

திருவக்கரைக் கல்மரத்தைப் பற்றியும் சொன்னேன். விழுப்புரம் பக்கம் திருவக்கரையில் பெரிய பெரிய அடிமரங்கள் அப்படியே கல்லாகிக் கிடக்கின்றன. சுமார் இரண்டு கோடி வருஷம். மரம் மண்ணில் புதைந்து, நீரில் கரைந்த மணற்சத்து நார்நாராக உள்ளே இறங்கி இறுகிவிட்டது. "வக்கரகாளியம்மன் கோயிலுக்குப் போயிருக்கேன், மரத்தைப் பார்க்கலையே" என்று அத்தைக்கு வருத்தம்.

மதியம் மரநிழலில் புளிசாதம். சாப்பிட்டுக்கொண்டே எட்கர் தர்ஸ்டனின் கதையைச் சொன்னேன். 1885 முதல் 1908 வரை இருபத்து மூன்று வருஷம் கண்காணிப்பாளர். ராமேசுவரம், தூத்துக்குடிக் கடலுக்குப் போய் முத்துக் குளிப்பதையும் சங்கு எடுப்பதையும் பவளப் பாறைகளையும் ஆராய்ந்தவர். கன்னிமாரா நூலகம் 1896-இல் இந்த வளாகத்தில் திறந்தது இவர் காலத்தில்தான். அதன் வேரும் மியூசியத்துக்குள்ளேதான் இருக்கிறது: இங்கிலாந்தில் ஹெய்லிபரி காலேஜில் மிஞ்சிய புத்தகங்கள் 1861-இல் கப்பலில் வந்து, மியூசிய நூலகத்தில் சேர்ந்தன. அங்கேயும் ஒரு காலேஜ்!

ஆனால் தர்ஸ்டன் கடலோடு நின்றுவிடவில்லை. அப்புறம் மனிதர்களை அளக்க ஆரம்பித்தார். அளவுக் கருவிகளோடு ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு சாதியாரின் மண்டையையும் மூக்கையும் அளந்தார். இங்கே மியூசியத்திலும் அளந்தார். கே. ரங்காச்சாரியோடு சேர்ந்து, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். வேறெங்கும் பதிவாகாத பழக்கவழக்கங்கள் அதில் இருக்கின்றன, அதைப் புரட்டாமல் ஆராய்ச்சி செய்ய முடியாது, எல்லாம் உண்மை. என்றாலும், பாடம் பண்ணின பறவையின் அலகை அளக்கும் கருவியை எடுத்து, எதிரில் நிற்கும் மனிதரின் மூக்கில் வைத்த அந்த நொடியை என்னால் ஏற்க முடியவில்லை. அளவெடுக்க நின்றவர்களில் பலருக்கு இது எதற்கு என்றே தெரிந்திருக்காது. இந்த மியூசியத்தை நேசிக்கிறேன் என்பதாலேயே இதையும் எழுதி வைக்கிறேன்.

"அவங்க பயந்திருப்பாங்க" என்றார் அத்தை.

பின்னால் வந்த கிரேவ்லி வேறு மாதிரி. 1920 முதல் 1940 வரை. ராமேசுவரம் பக்கம் மண்டபம் என்ற ஊரை அடுத்த குருசடைத் தீவில் கரையோரத்து உயிர்களை ஆராய்ந்து எழுதியவற்றை 1927-இல் மியூசிய வெளியீடாகக் கொண்டுவந்தார்கள். அந்தச் சின்னத் தீவின் கரையில் கடல் வற்றும்போது கல்லைப் புரட்டினால் என்னென்ன இருக்கும் என்று புழு, நண்டு, கடற்பஞ்சு வரை பொறுமையாகப் பட்டியலிட்ட வேலை. இன்று மன்னார் வளைகுடாவில் எது குறைந்திருக்கிறது என்று கேட்பவருக்கு, அன்று என்ன இருந்தது என்று சொல்ல அது இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது 1929-இல் வந்த இன்னொரு வெளியீடு. மியூசியத்தில் வேலை பார்த்த பி.வி. மயூரநாதன் மெட்ராஸ் நகரத்திலும் அதைச் சுற்றியும் பூக்கும் செடிகளைப் பற்றி எழுதியது. காட்டுக்குப் போகவில்லை, மலைக்குப் போகவில்லை. இந்த ஊரின் காலி மனையில், வாய்க்கால் ஓரத்தில், சுவர் இடுக்கில் முளைப்பதைக் குனிந்து பார்த்தார். சாப்பிட்டு முடித்ததும் அத்தையும் நானும் மதில் ஓரமாக ஒரு நடை போய்ப் பார்த்தோம். பத்தடிக்குள் குப்பைமேனி, நாயுருவி, மூக்கிரட்டை, கீழாநெல்லி. அத்தை ஒவ்வொன்றுக்கும் பெயரும் சொன்னார், எதற்கு மருந்து என்றும் சொன்னார். நாயுருவி சேலையில் ஒட்டிக்கொண்டது. மயூரநாதன் அத்தையைப் போன்றவர்களை எத்தனை பேரைச் சந்தித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும் முன் ஃபூட் சேகரிப்பு. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைக் குழியில் ஒரு கல்லை எடுத்தார். மனிதன் கையால் செதுக்கிய கோடரிக் கல். இந்தியாவில் கற்கால மனிதன் இருந்தான் என்பதற்கு முதலில் கிடைத்த சாட்சிகளில் ஒன்று. அவர் பிறகு சேர்த்த கருவிகளை 1904-இல் அரசாங்கம் இந்த மியூசியத்துக்காக வாங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஒரு கைக்கோடரியின் ஓரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு சில்லும் பெயர்ந்த இடத்தில் கிளிஞ்சல் போலக் குழி. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தட்டியிருக்கிறார்கள். தட்டியவருக்கு எந்த இடத்தில் தட்டினால் எப்படிப் பெயரும் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

வெண்கலங்களைப் பற்றி எழுதவில்லையே என்று கேட்காதீர்கள். எழுத ஆட்கள் நிறைய உண்டு.

ஐந்தாம் நாள், ஞாயிறு

எழும்பூரில் மின்சார ரயில் ஏறினோம், அத்தையும் நானும். வண்டலூர்.

பல்லாவரம் வந்தபோது அத்தை ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "இங்கதானே அந்தக் கோடாலி?" நடைமேடையில் பூக்காரி, செல்போன் கடை விளம்பரம், தூரத்தில் குன்று. ஃபூட் இங்கே குனிந்து கல்லை எடுத்த அதே 1863-இல்தான் மெட்ராஸில் மிருகங்கள் எழும்பூரை விட்டுக் கிளம்பின. வேண்டுமென்று யாரும் சேர்த்து வைக்கவில்லை. அந்த வருஷம் அப்படி அமைந்துவிட்டது.

பீப்பிள்ஸ் பார்க்கில் இடம் சுருங்கி, வாகன இரைச்சல் கூடி, விலங்குகள் படாதபாடு பட்டன. 1979-இல் வண்டலூர்க் காப்புக் காட்டில் 510 ஹெக்டேர் ஒதுக்கினார்கள். 1985 ஜூலை 24 அன்று எம்.ஜி.ஆர். திறந்து வைத்தார். அறிஞர் அண்ணா பெயர் வைத்த பூங்கா. பழைய இடத்தில் கம்பிக்குப் பின்னால் இருந்தவற்றுக்கு இங்கே மரமும் மண்ணும் அகழியும் கிடைத்தன. மூர் மார்க்கெட் எரிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை அப்போது. சென்ட்ரல் பக்கத்துச் சிறுபிள்ளைப் பருவம் அந்த ஒரே வருஷத்தில் மொத்தமாகப் போய்விட்டது என்று அத்தை சொல்கிறார்.

பேட்டரி வண்டியில் ஏறி ஒரு சுற்று. புலி இருக்கும் இடத்தில் இறங்கிக்கொண்டோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை, புதர் மட்டும். பக்கத்தில் ஒரு குடும்பம் பொறுமை இழந்து கிளம்பியது. அத்தை நகரவில்லை. இருபது நிமிஷம் கழித்து நிழலுக்குள்ளிருந்து அது எழுந்தது, முன்னங்கால்களை நீட்டி நெட்டி முறித்தது, தண்ணீரில் இறங்கி நின்றது. தோளெலும்பு தோலுக்கு அடியில் ஏறி இறங்குவது தெரிந்தது. வியாழக்கிழமை முழுக்க எலும்புகளாகவே பார்த்திருந்த எனக்கு அந்த அசைவிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. பால்ஃபர் கவனித்த கூட்டம் எதைப் பார்க்க வந்தது என்று புரிந்தது. அதோடு இன்னொன்றும் தோன்றியது: எலும்பைப் பார்த்திராவிட்டால் அந்தத் தோளை நான் இப்படிக் கவனித்திருக்க மாட்டேன்.

"பழைய இடத்துல இது கூண்டுக்குள்ள அங்கேயும் இங்கேயும் நடந்துகிட்டே இருக்கும்" என்றார் அத்தை. "சின்ன வயசுல அது ஏதோ அவசரமா எங்கயோ போகுதுன்னு நினைச்சுக்குவேன்."

திரும்பும் வழியில் ரயிலில் நல்ல கூட்டம். எதிர் இருக்கையில் ஒரு பாட்டியும் பேரனும். பையன் கையில் பூங்காவில் வாங்கிய பிளாஸ்டிக் ஒட்டகச்சிவிங்கி. அத்தை அந்தப் பாட்டியிடம் கேட்டார்: "உயிர் காலேஜ் பார்த்துட்டு வர்றீங்களா?" அந்த அம்மா ஒரு விநாடி விழித்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். அவருக்குச் சிந்தாதிரிப்பேட்டையாம். பூங்கா நிலையம் வரும்வரை இருவரும் நிறுத்தவே இல்லை. எந்த வாசல் வழியாக உள்ளே போவார்கள், கடலை எங்கே வாங்குவார்கள், யார் யார் எந்த வருஷம் தொலைந்து போனார்கள். நாங்கள் இறங்க வேண்டிய எழும்பூர் எப்போதோ போய்விட்டது. நான் சொல்லவில்லை.

ராத்திரி மலைக்கோட்டையில் திரும்புகிறேன். அத்தை இரண்டு பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறார். ஒன்று புளிசாதம், இன்னொன்று மியூசிய மதில் ஓரத்திலிருந்து பறித்த கீழாநெல்லி, ஈரத் துணியில் சுற்றி, வேரோடு.